பினாங்கு அண்ணியின் இறால்

கொட்டாரம்,
1935 ஆகஸ்ட் 12

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். அண்ணி சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி அனுப்பிய சீனக் கறியை நேற்று மதியம் செய்துவிட்டேன். கூட அனுப்பிய சோயா சாஸ் குப்பி உடையாமல் வந்தது. இருப்புச்சட்டி புகைந்ததும் பூண்டு, இஞ்சி, வத்தல்மிளகாய், இறால் எல்லாம் போட்டுக் கிளறினேன். கடைசியில் சோயா. "தேங்கா அரைக்காம என்ன கறிட்டி?" என்று அம்மா சிரித்தாள். தொட்டுக்கொள்ள மிளகாயும் பூண்டும் இடித்து, புளித்த காடியில் கருப்பட்டி கரைத்துச் சேர்த்தேன்.

நீங்கள் சீனப் பெண்ணைக் கட்டிய செய்தி வந்ததிலிருந்து குடும்ப ஜெபத்தில் அப்பா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. சாப்பாட்டு ஜெபம் மட்டும் பழையதுதான். "இந்த ஆகாரத்துக்குக் காரணமான எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென்" என்று முடித்துவிட்டுச் சாப்பிட்டார். வியர்க்க வியர்க்க இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார்.

"ஏட்டி, இத யாருட்ட படிச்ச?"

"பினாங்கு அண்ணி சொல்லித் தந்ததுப்பா."

அப்பாவின் கை இலையிலேயே நின்றது.

"ஆமென் சொல்லியாச்சு. இனி என்ன செய்யப் போறிய?" என்றாள் அம்மா.

அப்பா இலையில் இருந்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "அவளுக்க பேரு என்னட்டி?" என்று கேட்டார்.

சொன்னேன்.

சாயங்கால ஜெபத்தில் உங்கள் பெயரோடு அதையும் சேர்த்துச் சொன்னார். உச்சரிப்பு தப்பு. நான் வாய் திறக்குமுன் அம்மா, மூடிய கண்ணைத் திறக்காமலே, என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை