காய்ச்சலை மறைத்த நானாவுக்கு

நானா,

இன்று காலை துறைப்பக்கம் யாரோ பழைய வள்ளமொன்றுக்குத் தார் பூசியிருக்கிறார்கள். அந்த வாசம் குசினிக்குள் வந்ததும் கறி கிண்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உங்கள் முழங்கைகளில் தங்கை நான் பூசிவிட்ட களிம்புக்கும் இதே வாசம்தான்.

பட்டாளத்திலிருந்து நீங்கள் கற்பிட்டிக்குத் திரும்பியபோது உடம்பில் ஒரு கீறல்கூட இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சொல்லி உம்மா அழுதா. சிங்களமும் தமிழும் தெரிந்ததால் உங்களைப் போர் நடந்த வடக்கில் மொழிபெயர்ப்புக்கு வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எழும்பிப் போய்விடுவீர்கள். கதவு அடித்துச் சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்வீர்கள். சேர்ந்தாற்போல் மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டது அபூர்வம்.

பிறகுதான் தோல் செதில் செதிலாக உரியத் தொடங்கியது. அடுத்து விரல் மூட்டுகள் வீங்கின; வலையைப் பிடித்து இழுக்க முடியவில்லை. கிளினிக்கில் என்ன வேலை என்று கேட்கும்போதெல்லாம் கடல் தொழில் என்று மட்டுமே சொன்னீர்கள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், டொக்டரம்மாவிடம் உங்கள் முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன்.

"இவர் பட்டாளத்துல இருந்தவர். நித்திரையே இல்ல, டொக்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினார். பயம் வருடக்கணக்காக உடம்பை விடாமல் பிடித்திருந்தால், நோயை எதிர்க்கும் சக்தி நிலைதடுமாறிவிடுமாம். கிருமியோடு போராட வேண்டியது சொந்தத் தோலையும் மூட்டையும் தாக்கத் தொடங்குமாம். உங்களுக்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் போருக்குப் போய் வந்தவர்களிடம் இதைக் கூடுதலாகக் காண்கிறோம் என்றார். மனநல டொக்டருக்கு ஒரு கடிதமும் தந்தார். மூட்டுக்குக் கொடுக்கும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், லேசாகக் காய்ச்சல் கண்டாலும் அன்றைக்கே வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "நீ ஏன் புள்ள அதச் சொன்ன?" கடிதம் அலுமாரிக்குள் போனது. அதன் பிறகு நீங்கள் கிளினிக் பக்கமே போகவில்லை. மருந்து முடிய முடிய நான்தான் போய் எடுத்து வந்தேன்.

கடற்கரையில் சிப்பி ஓடு காலைக் கிழித்ததை நீங்கள் சொல்லவில்லை. வெயிலில் போர்த்திக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து நடுங்கியபோதுதான் கண்டேன். நெற்றி நெருப்பாய்க் கொதித்தது. "எத்தனை நாள்?" என்றேன். நாலு என்று விரலைக் காட்டினீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கிருமி இரத்தத்தில் கலந்திருந்தது. போனால் மறுபடி கேட்பார்கள் என்று பயந்தீர்களா, நானா? அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், காய்ச்சல் வந்ததும் நீங்களாகவே போயிருப்பீர்களா? இதை யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே கதைத்தீர்கள்.

"எங்கட முகாம் வாசலுக்கு ஒரு அம்மா வருவாங்க, மகனத் தேடி. ‘நாளைக்கு வாங்க’ண்டு நான்தான் தமிழ்ல சொல்லுவன். பதினொரு நாள் வந்தாங்க."

"மகன் அங்க இல்லண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம். முதல் நாளே தெரியும்."

அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கண் மூடி மௌத்தாகிவிட்டீர்கள்.

வார்டில் நீங்கள் சொன்னதை உங்களைக் கட்டிய மச்சியிடமும் சொல்லவில்லை, உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது உங்கள் பெயரைச் சொல்லிப் பிழை பொறுக்கக் கேட்கிறேன். பிறகு அந்த அம்மாவுக்காகவும் கேட்கிறேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாது. பெயரும் தெரியாததால், பதினொரு நாள் வந்தவர் என்றே சொல்கிறேன்.