ஆறாம் படுக்கையின் காய்ச்சல்

ஜூலை 8, காலை

அன்புள்ள நெட்டைக்கு,

விடுப்புக் கடிதத்தோடு இதையும் என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். டியூட்டி நேரத்தில் உன் போன் அலமாரிக்குள் கிடக்கும். நேற்றிலிருந்து நூற்றிரண்டு காய்ச்சல். எழுந்து நின்றால் சுவர் நகர்கிறது. மூன்று நாள் போதும்.

'பதில் ஆள்' கட்டம் காலியாக இருக்கிறது. ஏழு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி, "அக்கா, நானே நேத்து டபுள் டியூட்டி, கால் ரெண்டும் மத்தளம் மாதிரி இருக்கு" என்று அழுதாள். காய்ச்சலில் கிடப்பவளே தனக்குப் பதில் ஆள் தேட வேண்டும் என்று விதி வைத்தவருக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்திருக்காது. நர்சிங் படிக்கும்போது நாம் இரண்டு பேரும் இதைத்தான் திட்டுவோம்.

உன்
குள்ளி


ஜூலை 8

குள்ளிக்கு,

உன் கடிதத்தை மேலே அனுப்பவில்லை. இருபத்தெட்டுப் படுக்கைக்கு மதியம் இரண்டே பேர். நீ இல்லாவிட்டால் ஒருத்தி. பதில் ஆள் கையெழுத்து இல்லாமல் அனுப்பினால் மேட்ரன் என் முகத்தில்தான் வீசுவார். "வார்டை நடத்த முடியலன்னா சொல்லிடும்மா, வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்று போன வாரம் எல்லார் முன்னாலும் சொன்னார். இன்-சார்ஜ் நாற்காலி பார்க்கத்தான் குஷன்.

மாத்திரை போட்டுக்கொண்டு, மாஸ்க் மாட்டிக்கொண்டு வா. இந்த ஒரு நாள், எனக்காக.

நெட்டை


ஜூலை 9

குள்ளிக்கு,

மெமோவில் கையெழுத்துப் போட இன்று வரும்போது என்னிடம் பேசாதே. மேட்ரன் கவனிக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறாம் படுக்கைப் பெரியவரின் சார்ட்டில் நேற்று மாலை ஐந்து மணிக்கு 102.6 என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் பதறி, இரண்டு கையிலும் ரத்தம் எடுத்து, ஆன்டிபயாட்டிக் ஊசியும் போட்டுவிட்டார். அது ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடிப்பு. இன்று வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன். "எனக்கேதும்மா காய்ச்சல்? அந்தப் பொண்ணு தெர்மாமீட்டரைத் தன் அக்குள்லதானே வெச்சுப் பார்த்துச்சு" என்று காலையில் அவர் சொன்னபோதுதான் அது உன் சூடு என்று எனக்குப் புரிந்தது. அவர் மகள் புகார் எழுதிவிட்டாள்.

உன்னைச் சஸ்பெண்ட் செய்யப் பார்க்கிறார்கள். 'கவனக்குறைவு, மன்னிக்கவும்' என்று எழுதிக் கொடு. எச்சரிக்கையோடு முடிக்கப் பேசியிருக்கிறேன். விடுப்புக் கேட்டதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தக் கடிதம் என் டிராயரில்தான் இருக்கிறது. கிழித்துவிடட்டுமா?

நெட்டை


ஜூலை 10

மதிப்பிற்குரிய இன்-சார்ஜ் சிஸ்டர் அவர்களுக்கு,

மெமோ விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்கிறார்கள். காய்ச்சலுக்குக் கிடைக்காத ஓய்வு மெமோவுக்குக் கிடைத்துவிட்டது.

இதோடு இரண்டு விளக்கக் கடிதங்கள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் கையெழுத்து இருக்கிறது. ஒன்று நீங்கள் கேட்டபடி. மற்றதில் நடந்தது இருக்கிறது. நடுக்கம் வந்தது, என் சூட்டைப் பார்த்தேன். பத்தொன்பது வருடப் பழக்கத்தில், திறந்திருந்த சார்ட்டில் கை தானாக எழுதிவிட்டது. காலையில் விடுப்புக் கேட்டதும் அதில் இருக்கிறது. தவறு என்னுடையது என்று இரண்டிலும் எழுதியிருக்கிறேன்.

நேற்று எட்ட நின்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். தடிப்பைச் சொறிந்துகொண்டே, "உனக்கு இப்ப எவ்வளவும்மா?" என்றார். அந்த வார்டில் என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

எதை அனுப்புவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டாஃப் நர்ஸ், மதிய டியூட்டி


ஜூலை 12

அன்புள்ள குள்ளிக்கு,

பொய் சொல்ல மாட்டேன். முதலில் 'கவனக்குறைவு' கடிதத்தைத்தான் உறையில் போட்டு ஒட்டினேன்.

இன்று காலை சின்ன ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றாள். கண் சிவந்து, உதடு காய்ந்து. நான் வாய் திறப்பதற்குள், "பரவாயில்ல சிஸ்டர், மாத்திரை போட்டிருக்கேன், சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று கடிதத்தை மடித்துக்கொண்டாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

உறையைக் கிழித்தேன். மற்ற கடிதத்தை உன் விடுப்புக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். அதன் மேல், 'எட்டாம் தேதி காலை என் கைக்கு வந்தது. மறுத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேட்ரன் இரண்டு தடவை படித்துவிட்டுக் கோப்பில் வைத்து மூடினார். அதுதான் பயமாக இருக்கிறது. எனக்கும் மெமோ வரும். நாற்காலியும் போகலாம்.

சின்னவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பதில் ஆள் கட்டத்தில் என் பெயர்தான். மருந்து வண்டியைத் தள்ளி ஆறு வருடமாகிறது, சக்கரம் இன்னும் இடது பக்கமே இழுக்கிறதா?

உனக்கு இப்போது எவ்வளவு? எழுது.

நெட்டை