இருபது பாகம் கயிறு

அப்பா,

போன கிழமை கிளிநொச்சிச் சந்தையில் கயிற்றுக் கடை ஒன்றில் நின்றேன். புது நைலோன் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியது. நங்கூரத்துக்கு இருபது பாகம் வாங்கிவரச் சொல்லியிருந்தான் தம்பி.

"மீற்றரில சொல்லுங்கோ தங்கச்சி" என்றார் கடைக்காரர்.

பாகம் என்றால் ஆறடி என்கிறது அகராதி. நம் கரையில் அது இரண்டு கைகளையும் விரித்தால் விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை. யாருடைய கைகள் என்று அகராதியில் இல்லை.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. வள்ளத்துக்காரன் தன் கயிற்றைத் தானே அளப்பதுதான் வழக்கம். அன்று உங்கள் தோள் வீங்கியிருந்தது. "இருபது பாகம் வெட்டி நங்கூரத்தில கட்டிவிடு பிள்ளை" என்றீர்கள். என் கைகளை விரித்து இருபது எண்ணி வெட்டினேன்.

மறுநாள் கச்சான் எழும்பியது. கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. முள்ளிவாய்க்காலில் எல்லா வள்ளங்களும் கரையேறிவிட்டன, உங்களுடையதைத் தவிர. அம்மா மணலில் இருந்தவர் எழும்பவேயில்லை. பின்னேரம்தான் இன்னொரு வள்ளம் உங்களை இழுத்து வந்தது. இயந்திரம் நின்றுவிட்டதாம்.

"நங்கூரம் போடேல்லையே?" என்று கேட்டார் அம்மா.

"போட்டனான். நித்திரையாப் போனன், இழுபட்டுப் போச்சு."

"கடலிலயும் உங்களுக்கு நித்திரை!" என்று அம்மா ஏசினார்.

பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, வீங்கிய தோளோடு அந்தக் கயிற்றை அளந்து காட்டினீர்கள். பதினாறரை. நங்கூரம் கடலடித் தரையைத் தொடவேயில்லை.

"ஆரின்ரை கையால எண்டு நான் சொல்லேல்ல. பிழை என்ரை. கொம்மாவுக்குச் சொல்லாதை."

இப்போது தம்பியின் கைகள் உங்களுடையதைவிட நீளம். எத்தனை மீற்றர் என்று கணக்குப் பார்க்கப் பயந்து முழுச் சுருளையும் வாங்கி வந்தேன்.

"என்னக்கா, எனக்குக் கப்பலே வாங்கித் தரப்போறாய்?"

"நீயே அள. மிச்சத்தை வெட்டாதை."

அவன் சிரித்தபடி அளந்து, மிச்சத்தையும் வள்ளத்தின் முன்பக்கம் சுருட்டிவைத்தான்.

இன்று விடிய அவன் கடலுக்குப் போய்விட்டான். கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. "கொப்பர் மாதிரி நித்திரை கொள்ளாட்டில் சரி" என்கிறார் அம்மா. நீங்கள் இறந்து இரண்டு வருடமாகியும் அந்தப் பழி உங்கள் மேல்தான் இருக்கிறது. அம்மாவுக்கு நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் குறைத்து வெட்டிய மூன்றரைப் பாகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அப்பா.