வல்லைவெளியில் நிற்காத எஞ்சின்

அக்கா, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூட மைதானம் ஒன்றில், மண்ணெண்ணெயில் ஓடும் காரின் புகை என் முகத்தில் வந்து மோதியது. முப்பது வருடங்களுக்கு மேலாக நான் மணக்காத மணம். அடுப்பு மண்ணெண்ணெயின் மணம் வேறு. எஞ்சினுக்குள் போய், பாதி எரிந்தும் பாதி எரியாமலும் வெள்ளையாக வெளியே வருகிற மணம் வேறு. பக்கத்தில் நின்ற மகள் மயூரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, தலை சுத்துதோ?"

"இல்லையடி. வெயில்."

மயூரி நோர்வேயிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்தாள். பழைய கார்களின் கண்காட்சி என்று எங்கோ பார்த்துவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போனாள். பழைய கார் என்றால் துரைமார் ஏறிய பெரிய கார்கள் நிற்கும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் தெருக்களில் ஓடிய அதே மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ், ஏ-போட்டி. கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஒரே முகத்தோடு போய்வந்த வாடகைக் கார்கள். கழுவித் துடைத்து, பொனற்றில் சந்தனப் பொட்டு வைத்து, வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சனம் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தது. ஒரு கிழவர் தன் மனைவிக்கு ஒரு மைனரைக் காட்டி, "உதிலைதான் உன்னைத் தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார். "உதில்லை. அது கறுப்பு. உங்களுக்கு எப்ப என்ன ஞாபகம் இருந்தது?" என்றாள் அந்த அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசி வரிசையில் ஒரு ஏ-போட்டி நின்றது. நீங்கள் ஓடிய ஏ-போட்டி சாம்பல் நிறம். இது பால் நிறம். ஆனால் அதே நீட்டு முன்சீற், மூன்று பேர் நெருக்கி இருக்கலாம். கியரும் அதேபோல ஸ்ரியறிங்கோடு ஒட்டி. காரின் சொந்தக்காரர் அளவெட்டியைச் சேர்ந்த மெக்கானிக். "பெற்றோல் இல்லாத காலத்திலை எப்பிடி ஓடினனாங்கள் எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குக் காட்டவேணும்" என்று சொல்லி, துளிப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அந்தப் புகைதான் அக்கா.

கோப்பாயில் உங்கள் வீட்டின் பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம் அது. ஒரே பள்ளிக்கூடத்தில் நீங்கள் புவியியல் ரீச்சர், நான் சின்ன வகுப்பு ரீச்சர். என் மனிசன் கொழும்பில் வேலையாக இருந்து, சண்டையால் பாதை மூடியதும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். உங்களுக்குக் கலியாணம் இல்லை. உங்கள் அப்பா விட்டுப்போன அந்தக் கார் இருந்தது. ஒரு பொம்பிளை கார் ஓடிப் போனால் சைக்கிளில் வந்தவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்த காலம். நீங்கள் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவீர்கள். பெற்றோல் இல்லாமல் போன பிறகும், கிழமைக்கு ஒருமுறை வளவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓடி நிறுத்துவீர்கள். "காரும் மனிசரைப் போலை. படுக்க விட்டா எழும்பாது" என்பீர்கள்.

மயூரிக்கு அப்போது ஏழு வயது. விடியவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவள், பத்து மணிக்கு நெருப்பாகக் காய்ந்தாள். நீங்கள் அவள் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டீர்கள். அவள் வீரிட்டாள். "உது அப்பன்டிக்ஸ். வெடிச்சா பிள்ளை தப்பாது" என்றீர்கள். அந்தக் கிழமை பட்டணத்தில் கோட்டையைச் சுற்றிச் சண்டை. அங்கே பெரியாசுபத்திரிக்குப் போகமுடியாது. பருத்தித்துறை ஆசுபத்திரிக்குத்தான் போகவேண்டும். நடுவில் வல்லைவெளி. சைக்கிளில் அவளை நிமிர்த்தி இருத்தமுடியாது.

ஒரு இருமல் மருந்துப் போத்தலில் அரைவாசிக்குப் பெற்றோல் வைத்திருந்தீர்கள். அது ஒரேயொரு ஸ்ராட்டுக்குத்தான் காணும். காரில் ஏறுமுன் என்னிடம் சொன்னீர்கள்: "கேளும். இது வழியிலை நிண்டா பிறகு எழும்பாது. நான் எஞ்சினை நிப்பாட்டமாட்டன். எஞ்சின் சத்தத்திலை எனக்கு ஒண்டும் கேக்காது. ஹெலி வருதோ எண்டு நீர்தான் வெளியாலை தலையை நீட்டிக் கேக்கவேணும்."

மயூரியை முன்சீற்றில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நீர்வேலி, புத்தூர்ச் சந்தி, அச்சுவேலிப் பக்கம் திரும்பாமல் நேரே. மரங்கள் இருக்கும்வரை எனக்கு மூச்சு வந்தது. பின்னால் நாங்கள் விட்டுவந்த புகை ஒரு வெள்ளைச் சேலைபோல ரோட்டில் கிடந்தது. அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மேலே ஹெலிகொப்ரரில் இருப்பவனுக்கு அதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

வல்லைவெளியில் ஒரு மரமும் இல்லை. உப்புத்தரை, தண்ணீர், வானம். பாதிவழியில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. "அக்கா, ஹெலி!" என்று கத்தினேன். முன்னால் போன சைக்கிள்காரர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு சைக்கிள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. நீங்கள் காரை ஓரங்கட்டினீர்கள், எஞ்சினை நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை. கதவைத் திறந்தது எனக்கு ஞாபகமில்லை. மயூரியின் தலையை மடியிலிருந்து எடுத்துச் சீற்றில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. அவள் என் சேலையைப் பிடித்திருந்தாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எடுத்தேன். பிறகு ஓடினேன். ரோட்டுக்குக் கீழே ஒரு மதகு. அதற்குள் குனிந்து நுழைந்தபோது முழங்கால்வரை சேறு. உள்ளே கடகத்தோடு மீன் விற்கிற ஒரு அம்மா இருந்தா. என்னைப் பார்த்தா, வெளியே உறுமிக்கொண்டிருந்த காரைப் பார்த்தா.

"காருக்குள்ளை ஆர், பிள்ளை?" என்று கேட்டா.

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவ இன்னொருமுறை கேட்கவில்லை.

ஹெலி இரண்டு முறை சுற்றியது. சுட்டது. தண்ணீரில் விழுந்ததா ரோட்டில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது, காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் நடுவில், காரின் சத்தம் கேட்கிறதா என்று கையை எடுப்பேன். கேட்டது. நிற்கவேயில்லை.

சத்தம் போன பிறகு மேலே ஏறி வந்தேன். நீங்கள் ஸ்ரியறிங்குக்குப் பின்னால் இருந்தபடியே இடுப்பைத் திருகி, மயூரியின்மேல் கவிழ்ந்து, அவள் தலையை இரண்டு கைகளாலும் மூடியிருந்தீர்கள். உங்கள் வலது கால் மட்டும் அக்ஸிலேற்றரில் இருந்தது. என்னைக் கண்டதும் நிமிர்ந்தீர்கள். முகத்தில் நிறமே இல்லை.

"ஏறும். கதவைச் சாத்தும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஆசுபத்திரியில் மயூரியை உள்ளே கொண்டுபோன பிறகு வெளியே கிடந்த வாங்கில் இருந்தோம். என் காலில் சேறு காய்ந்திருந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்: "நான் ஓடாததுக்குத் துணிவு காரணமில்லை. காலை எடுத்தா எஞ்சின் நிண்டிடும். இல்லாட்டி நானும் உமக்குப் பின்னாலை வந்திருப்பன்." அது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். அன்றிலிருந்து உங்களுக்கு இடுப்பு நோ. அதற்கு நீங்கள் ஒருநாளும் காரணம் சொன்னதில்லை.

இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் வளவிலேயே நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது இல்லை. என் பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. மயூரி வளர வளர அது கூடியது. அவளுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்ற பயம். அவள் லீவில் வரும்போதெல்லாம் உங்களைப் பார்க்க வருவாள். நானும் கூடவே வருவேன். உங்களையும் அவளையும் தனியே விட எனக்குப் பயம். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "பெரியம்மா, எனக்கு ஒண்டு மட்டும் வடிவா ஞாபகம். ஹெலி சுத்தேக்கை அம்மா எனக்கு மேலை படுத்திருந்தவ. முகம் தெரியேல்லை. நெஞ்சு இடிக்கிறது மட்டும் கேட்டது."

நீங்கள் என்னைப் பார்க்கவேயில்லை. பிஸ்கற் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "ஓம் பிள்ளை. நான் கார் ஓடிக்கொண்டிருந்தன்" என்றீர்கள்.

அதற்காக உங்கள் காலில் விழுந்திருக்கவேண்டும். விழவில்லை. அன்றிலிருந்து உங்களுக்கு இன்னும் கூடப் பயந்தேன். போன வருடம் உங்களுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை அக்கா. ஒரு சின்ன நிம்மதி. பிறகுதான் அழுதேன். நீங்கள் கண்ணை மூடும்வரை, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினொரு நாள் இருந்தேன். நல்ல மனிசி, எப்படிப் பார்க்கிறா என்று எல்லாரும் சொன்னார்கள்.

கண்காட்சியில், அந்த மெக்கானிக் எங்களைக் காரில் ஏறியிருந்து படம் எடுக்கச் சொன்னார். மயூரி ஸ்ரியறிங் பக்கம் ஏறினாள், நான் மற்றப் பக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஜன்னலால் அவரிடம் கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். "எங்கடை அம்மா இப்பிடியொரு காருக்குள்ளைதான் என்னை மூடிக்கொண்டு படுத்துக் காப்பாத்தினவ." நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு பெட்டைப்பிள்ளை என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு இரைச்சல். படம் பிடிக்கிற ட்ரோன் கமரா ஒன்றை ஏவியிருக்கிறார்கள். அதன் நிழல் பொனற்றைக் கடந்துபோனது.

நான் கதவைத் திறந்தது இந்த முறையும் எனக்குத் தெரியாது. தெரிந்தபோது மைதானத்தின் மூலையில், தண்ணீர்த் தாங்கியின் கீழ், தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு காலில் செருப்பில்லை. சனம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. மயூரி என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, அது கமரா. ஒண்டுமில்லை, அது வெறும் கமரா."

"அண்டைக்கும் இப்பிடித்தான் ஓடினனான்" என்றேன்.

"எண்டைக்கு?"

"வல்லைவெளியிலை. உன்னை விட்டிட்டு ஓடினனான். உன்னை மூடிக்கொண்டு படுத்தது உன்ரை பெரியம்மா."

அவள் குனிந்து செருப்பை என் காலடியில் வைத்தாள். நிமிர வெகுநேரம் எடுத்தது.

"நான் அவவுக்கு முன்னாலைதானே சொன்னனான். ஏன் அவ பேசாமல் இருந்தவ?"

"எனக்காக."

"நீங்கள் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"பயம்."

"ஆருக்குப் பயம்?"

"உனக்குத்தான்."

அவள் அழவில்லை, ஏசவில்லை. "அவ உயிரோடை இருக்கேக்கை சொல்லியிருக்கலாம் அம்மா" என்று மட்டும் சொன்னாள். "நான் அவவுக்கு ஒரு நாளும் ஒண்டும் சொல்லேல்லை. சொக்லேற் மட்டும் குடுத்தனான்."

இரண்டு நாள் என்னோடு அளவாகத்தான் கதைத்தாள். சாப்பிட்டாயா என்றால் ஓம், குளித்தாயா என்றால் ஓம். ஹெலி சுற்றியபோது இருந்ததைவிட அந்த வீட்டுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை, "சேமக்காலைக்குப் போவம்" என்றாள். உங்களைப் புதைத்த இடம் அவளுக்குத் தெரியாது. வாசலிலிருந்து கையைக் காட்டினேன். "நீங்கள் இங்கை நில்லுங்கோ" என்றுவிட்டுத் தனியே போனாள்.

உங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். ஒருமுறை சிரித்தது போலவும் இருந்தது. அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கும். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது முகம் கழுவினதுபோல இருந்தது. "வாங்கோ, போவம்" என்று சொல்லி, ரோட்டைக் கடக்க என் முழங்கையைப் பிடித்தாள். பிடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கோபமா, நான் விழுந்துவிடுவேன் என்ற கவனமா, எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

இப்போது அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். முன்பு பனி, வேலை, சமையல் என்று கதைப்போம். இப்போது அன்றைக்கு நடந்ததைக் கேட்கிறாள், ஒரு கிழமைக்கு ஒரு கேள்வி. மதகுக்குள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? நான் கத்தினேனா? உங்களைக் கூப்பிட்டேனா? போன கிழமை கேட்டது அது. கூப்பிட்டாய் என்று சொன்னேன். பிறகு, "சரி அம்மா, வாற கிழமை எடுக்கிறன்" என்றாள்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை அக்கா. போன் மேசையில் இருக்கிறது. அது அடிக்கும்போது எனக்கு நெஞ்சு இடிக்கும். எடுப்பேன்.