ரெக்கார்டரில் கேட்ட இரைச்சல்

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா?

பேரனுக்கு வங்கி வேலை கிடைத்துவிட்டது. பேத்திக்கோ முதல் சினிமா. ஒலிப்பதிவு முழுக்க அவள்தான்! அதற்காக ரெக்கார்டர் இரண்டைக் கொண்டுவந்து, ஜன்னலை அடைத்து, ஃபிரிட்ஜை நிறுத்தி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அறையின் அமைதியைப் பதிந்து பார்த்தாள். இரண்டிலும் ஏதோ இரைச்சல்.

"ரெண்டுமே சொத்தை, பாட்டி. நாளன்னைக்கு ஷூட்டிங். டைரக்டர் என்னைத் துரத்திடுவார்" என்று கலங்கினாள்.

நான் சமையலறைக்குப் போன நேரத்தில் மறுபடி பதிந்தாள். இரைச்சலே இல்லை. அது என் நெஞ்சிலிருந்து வந்ததாம்!

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீதான் ரிப்பேர். சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்" என்கிறாள்.

சளியாகத்தான் இருக்கும், பதறாதீர்கள். சமைத்துப்போட வந்தவளே படுத்துவிடக் கூடாதே என்றுதான் கவலை. என்னிடமுள்ள உங்கள் போட்டோ பழசாகிவிட்டது. புதிதாக ஒன்று எடுத்து, உடனே தபாலில் போடுங்கள்.