செலக்‌ஷன் அன்று நீ பேசவில்லை

இன்று காலை பெஹாலாவில் ஆட்டோவுக்காக நின்றபோது, பக்கத்து மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஈரப் புல்லில் விழுந்த சுண்ணாம்புத் தூளின் வாசனை மூக்கில் ஏறியதும், வந்த ஆட்டோவை விட்டுவிட்டேன். முப்பத்திரண்டு வயதில், லேப்டாப் பையோடு, ஒரு மேட்ச்சுக்குப் போகிறவளைப் போல நின்றேன். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. தள்ளிப்போட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

வங்காளப் பெண்கள் நிறைந்த நம் ஃபுட்பால் டீமில் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் நாம் இரண்டே பேர். நான் கோல்கீப்பர், நீ எனக்கு முன்னால் நிற்கும் டிஃபெண்டர். கோல்கீப்பர்தான் பின்னாலிருந்து கத்த வேண்டும். நம்மிடம் எல்லாம் தலைகீழ். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்து உன் திருநெல்வேலித் தமிழில் ஓயாமல் பேசுவாய். "ஏட்டி, இன்னைக்கு எங்க வீட்டுல தேங்காப்பால் சொதி. ஜெயிச்சாலும் தோத்தாலும் சாப்பிட வந்துரு." "அந்த ஏழாம் நம்பர், ஓடுததுக்கு முன்னாலயே மூச்சு வாங்குதா பாரு." எதிரணிப் பெண்கள் ஏதோ ரகசியத் திட்டம் என்று முறைப்பார்கள். நம் கோச்சே ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழில் என்ன பிளான் போடுகிறீர்கள் என்று விசாரித்தார். சொதி என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உன் பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை எனக்குப் பயம் தெரியாது, பந்து நழுவாது. என் பயம் தெரிந்துதான் நீ பேசுகிறாய் என்று நினைத்திருந்தேன்.

பிறகு பாலிகஞ்சில் மாநில கேம்ப்புக்கு செலக்‌ஷன் வந்தது. இடம் கிடைக்காவிட்டால் ஃபுட்பாலை விட்டுவிட்டுப் படிக்க வேண்டும் என்று உன் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செலக்டர்கள் என் கோல் போஸ்டுக்குப் பின்னால் நோட்டும் கையுமாக நின்றார்கள். நீ வழக்கம்போல ஆரம்பித்தாய். எனக்கு மானம் போனது. "கொஞ்சம் வாயை மூடுறியா? அவங்க பார்க்குறாங்க" என்றேன்.

மூடிக்கொண்டாய். அடுத்த பத்து நிமிடத்தில், காலுக்கு வந்த பந்தை இரண்டு முறை கோட்டைவிட்டாய். இரண்டையும் நான் எப்படியோ பாய்ந்து பிடித்தேன். அதற்குப் பிறகு நீ பந்து கேட்கவே இல்லை, ஓரமாகவே நின்றாய். மாலையில் பெயர் வாசித்தார்கள். நீ விட்ட பந்துகளைப் பிடித்ததற்காக என்னை எடுத்தார்கள். உன் பெயர் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "பேசாம இருந்தா எனக்குப் பயத்துல காலு ஓடாதுட்டி. ஒன்ன மாதிரி கல்லு கணக்கா நிக்க எனக்கு வராது." கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

நீ அதோடு மைதானத்துக்கு வருவதை நிறுத்தினாய். நான் கேம்ப்பிலிருந்து மூன்றாவது வாரமே திரும்பி வந்தேன். முட்டி வலி என்று எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும். கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகும் நீ ஒவ்வொரு போனையும் "முட்டி எப்படிட்டி இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பாய். போன மழைக்காலத்தில், டெங்கு என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையேதான் கேட்டாய். பரவாயில்லை என்றேன். நாலாவது நாள் நீ இல்லை.

முட்டியில் எனக்கு எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. கேம்ப்பில் எனக்கு முன்னால் நின்ற பெண் நன்றாக ஆடுவாள், பேசமாட்டாள். அந்த அமைதியில் என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. சின்னப் பிள்ளைகூடப் பிடிக்கிற பந்துகள் நழுவின. உனக்குக் கிடைக்காத இடத்தில் நிற்க முடியாமல் ஓடிவந்துவிட்டேன். பதினைந்து வருடம் இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்னைக் கல் என்றே நம்பிக்கொண்டு போய்விட்டாய். ஒருமுறை உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த மைதானத்தில் பயந்தது நீ ஒருத்தி மட்டுமில்லை என்றாவது உனக்குத் தெரிந்திருக்கும்.