அலமாரியில் முளைத்த பயறு

எலப்புள்ளி. ஆடி, செவ்வாய் இரவு.

விண்வெளி வீரர்கள் சாப்பிடுவதற்கான பயறு முளைப்புச் சோதனையை, கைக்குழந்தையோடு லேபுக்குப் போக முடியாமல், வீட்டு அலமாரியிலேயே செய்து பார்த்தேன். முதல்நாள் விட்ட தண்ணீரிலேயே ஆறு நாளும் வாடாமல் வளர்ந்தது. நேற்றே லேப் சாருக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன்.

இன்று அத்தை சொல்கிறார்: “முளைப்பாரிய இப்படியா காய உடுவாங்க கண்ணு? நாந்தான் தெனமும் மஞ்சத்தண்ணி தெளிச்சேன்.”

“அது சாமிக்கு இல்லீங்க அத்தை!”

“ஆடி மாசம் இருட்டுல வெச்சு முளைக்க உட்டா, வேற யாருக்காமா?”

விண்வெளியில் தெளிக்க அத்தை இருக்கமாட்டார். என் அறிக்கையை வைத்துத்தான் நாளைக் காலை தண்ணீர் அளவை முடிவு செய்கிறார்கள். நடந்ததைச் சாருக்கு மெயிலில் எழுதிவிட்டேன். இனி எனக்கு இந்த வேலையைத் தருவார்களா? பாப்பா சிணுங்குகிறாள். அனுப்பிவிட்டுத்தான் தூக்க வேண்டும்.